முந்திப் பார்த்த கண்களுக்கு ஒரு பாராட்டு

கார்ட்டூன் தொடர்களைக் குழந்தைகளுக்கு முன்பே பார்த்து, எது போகலாம், எது போகக் கூடாது என்று முடிவு செய்யும் பெரியவர்களே, உங்களைப் பாராட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது இதை எழுதுகிறேன். உங்கள் மேசை எந்த நாட்டில், எந்தச் சானலின் எந்த மாடியில் இருந்தாலும் இந்தப் பாராட்டு உங்களுக்குரியது.

அந்தத் தொடர்களுக்கு உங்களைவிடக் கூர்மையான ரசிகர் வாய்த்ததில்லை. ஒரு சாகசக் கதையில் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை ஒரு நொடி கூடுதலாக நீண்டால், வரைந்தவருக்கு அடுத்தபடியாக அதைக் கண்டுகொள்பவர் நீங்கள்தான். விமர்சகர் ஒரு வருடம் கழித்துக் காண்பதையும், பெற்றோர் காணாமலே போவதையும் நீங்கள் படம் வெளிவரும் முன்பே கண்டுவிடுகிறீர்கள். தெரியாத ஒன்றை யாராலும் மறைக்க முடியாது. மறைத்திருக்கிறீர்கள் என்றால் அது காதல் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவுக்குத்தான் என் முதல் வணக்கம்.

'தி லெஜண்ட் ஆஃப் கோரா' தொடரையே எடுத்துக்கொள்கிறேன். 2012 முதல் 2014 வரை நிக்கலோடியன் வெளியிட்ட அமெரிக்கத் தொடர் அது. 4 பாகம், 52 அத்தியாயம். நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் ஆளப் பிறந்த கோரா என்ற பெண்தான் நாயகி. அவளுடைய தோழி அசாமி, ஒரு பெரிய தொழிலதிபரின் மகள்; எந்திரங்களின் நுட்பம் தெரிந்தவள். தொடக்கத்தில் இருவரும் ஒரே இளைஞனை விரும்புகிறார்கள். போகப் போக அவன் பின்னுக்குப் போய்விடுகிறான். இவர்கள் இருவரும் நெருங்குகிறார்கள். மூன்றாம் பாகத்தின் முடிவில் எதிரிகள் கோராவுக்கு விஷம் ஏற்றுகிறார்கள். சக்கர நாற்காலியில் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும் அவளுக்குத் துணையாக இருப்பவள் அசாமி. உடலைத் தேற்றிக்கொள்ள கோரா தாய்வீட்டுக்குப் போகிறாள். நண்பர்கள் எல்லோரும் கடிதம் போடுகிறார்கள். அவள் பதில் எழுதுவது அசாமி ஒருத்திக்கு மட்டும். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வருகிறவளின் தலைமுடி அழகாக இருக்கிறது என்று அசாமி சொல்ல, உலகத்தையே தூக்கி நிறுத்துகிறவளின் முகம் சிவக்கிறது.

அடுத்தது கடைசி அத்தியாயம். 2014 டிசம்பர் 19 அன்று வெளியானது. அதே அத்தியாயத்தில் வேறொரு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊரைக் கூட்டிக் கல்யாணம் நடக்கிறது. அந்தக் கல்யாண வீட்டை விட்டு வெளியே வந்து கோராவும் அசாமியும் தனியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். இருவரும் எங்காவது பயணம் போகலாம் என்று முடிவாகிறது. கைகோத்து ஒளிக்குள் நடந்து, முகத்துக்கு முகம் திரும்பி, இரு கைகளையும் பற்றி நிற்கிறார்கள். தொடர் முடிந்துவிடுகிறது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 22 அன்று, தொடரை உருவாக்கிய மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கோனியட்ஸ்கோவும் அது காதல்தான் என்று வெளிப்படையாக எழுதினார்கள். சானல் ஆதரவாகவே இருந்தது, ஆனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எல்லையும் இருந்தது என்று கோனியட்ஸ்கோ அதில் தெரிவித்தார்.

அந்த எல்லையை வகுத்த துல்லியத்துக்கு என்ன சொல்லிப் புகழ்வது? கையைப் பிடிக்கலாம். கண்ணைப் பார்க்கலாம். ஒளிக்குள் நடக்கலாம். முகம் முகத்தை நெருங்குவதற்கு முன் படம் முடிந்துவிட வேண்டும். பார்க்கிற பெண்பிள்ளை "இது என் கதை" என்று நெஞ்சில் கை வைக்கிற அளவுக்கு விட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கிற அப்பா "ரெண்டு கூட்டாளிப் பிள்ளைக டூர் போகுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற அளவுக்கும் விட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையின் உண்மை, அப்பாவின் நிம்மதி என்று இரண்டையும் ஒரே காட்சியில் வைத்து, இரண்டும் மோதிக்கொள்ளாமல் காத்தீர்கள். அப்பாவுக்கு எந்தச் சேதமும் இல்லை. பிள்ளைக்குத் தான் கண்டதைச் சொல்லிக் காட்ட ஒரு சாட்சி மட்டும் இல்லை. அந்தச் சாட்சி அவளுக்குக் கிடைக்க மூன்று நாள் ஆனது. அந்த இருவரின் முத்தத்தைக் காண 2017ல் வந்த சித்திரக்கதைப் புத்தகம் வரை ஆனது.

இந்தத் துல்லியம் ஒரே நாளில் வந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். உங்களுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். ஜப்பானின் 'சேலர் மூன்' தொடரில் ஹருகா, மிச்சிரு என்று இரண்டு வீராங்கனைகள். ஒருவருக்கு ஒருவர் காதலர் என்பதை ஜப்பானியக் கதை ஒளிக்கவில்லை. 2000ம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு மாற்றியவர்கள் இருவரின் பெயரையும் மாற்றி, அத்தை மாமா பிள்ளைகள் என்று உறவும் கட்டிவிட்டார்கள். அதே தொடரின் முந்தைய பகுதியில் இன்னொரு ஆணைக் காதலித்த ஒரு வில்லனை, பெண் குரல் கொடுத்துப் பெண்ணாகவே ஆக்கியிருந்தார்கள். குரலையும் பெயரையும் மாற்றியே ஒரு வாழ்க்கையைத் திருப்பிவிடுவது சாதாரண உழைப்பு இல்லை. ஒவ்வொரு வசனமாக உட்கார்ந்து, எங்கே காதல் இருக்கிறது என்று தேடித் தேடி எடுத்திருக்க வேண்டும். காதலைக் கண்டுபிடிப்பதற்காக அந்தத் தொடரை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர் வேறு யார்?

ஆனால் அந்த உறவு முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் தென்காசிப் பக்கம் ஒருமுறை வந்து போயிருக்கலாம். எங்கள் ஊரில் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்பதுதான் கட்டிக்கொள்ளும் முறை. தொட்டிலில் கிடக்கும்போதே "இவளுக்கு இவன்" என்று பேசி வைப்பது அந்த உறவில்தான். திருவிழாவில் கேலி பேசவும், மஞ்சள் தண்ணீர் ஊற்றவும், பந்தியில் வம்பிழுக்கவும் உரிமை உள்ள உறவும் அதுதான். காதலை மறைக்க ஓர் உறவைத் தேடிப்போய், காதலுக்கு ஊரே உரிமை எழுதிக் கொடுத்த உறவில் அந்த இருவரையும் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள். குரலை மாற்ற முடிந்தது, உறவை மாற்ற முடிந்தது, அந்தப் பெண்களின் கண்களை மாற்ற முடியவில்லை. உண்மைக்கு நீங்கள் எந்த உடையைப் போட்டாலும் அது அதற்குப் பொருந்திவிடுகிறது என்று காட்டித் தந்த அவர்களுக்கு என் நன்றி.

உங்கள் பொறுமையையும் சொல்ல வேண்டும். 'அட்வென்ச்சர் டைம்' தொடரில் மார்சலின் என்ற ரத்தக்காட்டேரிப் பெண்ணும் பபிள்கம் இளவரசியும் முன்னொரு காலத்தில் நெருக்கமாக இருந்து மனம் கசந்தவர்கள் என்பது, 2011 செப்டம்பர் 26 அன்று வந்த ஒரு அத்தியாயத்தில் மார்சலின் பாடும் ஒரு பாட்டிலேயே தெரிந்துவிட்டது. தயாரிப்பாளர் தரப்பில் அதைப் பற்றிப் பேசிய ஒரு காணொளி கொஞ்ச நாளில் அகற்றப்பட்டது. அந்த இருவரும் முத்தமிட்டுக்கொண்டது 2018 செப்டம்பர் 3 அன்று, தொடரின் இறுதி அத்தியாயத்தில். இடையில் ஏறக்குறைய 7 வருடம். பாட்டைக் கேட்டபோது 8 வயதாக இருந்த குழந்தைக்கு முத்தத்தைப் பார்க்கும்போது 15 வயது. தன்னைப் பற்றித் தானே பயப்படக் கற்றுக்கொள்ளும் வயது முழுவதும் அந்த இடைவெளியில் அடங்கிவிடுகிறது. அவ்வளவு நீண்ட காலம் ஓர் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க எவ்வளவு மன உறுதி வேண்டும்! பயத்தில் வளர்ந்த அந்தக் குழந்தைக்கும் அதே அளவு உறுதி தேவைப்பட்டிருக்கும். அதுவும் உங்கள் கணக்கில் சேர வேண்டியது.

இவ்வளவு திறமைக்கு நடுவே, உங்களை மீறி நடந்த சில காரியங்களையும் குறிப்பிடாவிட்டால் பாராட்டு முழுமை பெறாது. மார்சலினின் அந்தப் பாட்டை எழுதிய ரெபெக்கா சுகர் பிறகு 'ஸ்டீவன் யுனிவர்ஸ்' தொடரை உருவாக்கினார். 2018 ஜூலையில் அதில் ரூபி, சஃபையர் என்ற இரண்டு பெண்பாத்திரங்களுக்குப் பட்டப்பகலில் கல்யாணம் நடந்தது. ரூபி வெள்ளைக் கவுன், சஃபையர் கோட்டு சூட்டு. 2020 மே மாதம் நெட்ஃபிளிக்ஸில் 'ஷீ-ரா' முடிந்தபோது, அடோரா, காட்ரா என்ற இரண்டு பெண்கள் ஒருவரிடம் ஒருவர் காதலைச் சொன்னதுதான் உலகைக் காப்பாற்றியது. பார்த்த குழந்தைகள் மறுநாள் பள்ளிக்கூடம் போனார்கள், வீட்டுப்பாடம் எழுதினார்கள், அடுத்த தொடருக்குத் தாவினார்கள். இத்தனை வருடம் நீங்கள் காத்த காவலுக்கு ஏற்ற ஆபத்து எதுவும் அந்தப் பக்கத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்காக வாதாடுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. நல்ல தமிழ் படித்தவர்கள். குறிப்பால் உணர்த்துவதே உயர்ந்த கலை என்பது அவர்கள் வாதம். உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியத்திலிருந்தே சான்று கொண்டுவருகிறார்கள். நாரையையும் நண்டையும் சொல்லிக் காதலைச் சொன்ன மரபு நம்முடையது, எல்லாவற்றையும் வெட்டவெளியில் போட்டு உடைக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். அந்தப் படிப்பை நான் மனதார மதிக்கிறேன். அகப்பாடல்களில் தலைவனுக்கும் பெயர் இல்லை, தலைவிக்கும் பெயர் இல்லை. அந்த மறைப்பு எல்லாக் காதலருக்கும் பொது. குறிஞ்சியில் கூடினவர்களுக்கும் அதே விதி, பாலையில் பிரிந்தவர்களுக்கும் அதே விதி. கார்ட்டூனில் நீங்கள் செய்திருப்பது வேறு. இளவரசனும் இளவரசியும் முத்தமிட்டால் அது கதையின் முடிவு, குடும்பத்தோடு பார்க்கலாம். இரண்டு இளவரசிகள் என்றால் மட்டும் நாரையும் நண்டும் தேவைப்படுகின்றன. ஒரு சாராருக்கு மட்டும் இறைச்சி, மற்றவருக்கு வெளிப்படை என்று பிரித்த இலக்கணம் தொல்காப்பியருக்குத் தோன்றாதது. புதிதாக ஒரு பொருளிலக்கணம் வகுத்த பெருமை உங்களையே சேரும்.

நான் இருக்கும் ஊரும் குறிப்பை மட்டும் நம்பி வாழ்ந்த ஊர் இல்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, வீதியுலா வரும் குற்றாலநாதரைக் கண்டு காதல் கொள்கிறாள். அதை அவள் ஒளிக்கவில்லை. நிலவோடு சண்டை போடுகிறாள், மன்மதனை ஏசுகிறாள், தோழியைத் தூது விடுகிறாள், குறத்தியிடம் கையை நீட்டிக் குறி கேட்கிறாள். ஊரறிய, தெருவறிய ஒரு பெண் "எனக்கு இவர் வேண்டும்" என்று சொன்னதைக் கோயிலில் அரங்கேற்றினார்கள். மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர் நின்றது. சொல்லப்பட்ட காதலால் இந்த ஊருக்குக் கெடுதல் வந்ததில்லை, பெயர்தான் வந்தது.

"வெறும் படம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று ஒரு சமாதானமும் சொல்லப்படுகிறது. அதைக் குற்றாலத்தில் வந்து சொல்ல முடியாது. நடராசரின் ஐந்து சபைகளில் சித்திர சபை எங்கள் ஊரில் இருக்கிறது. சிதம்பரத்தில் உலோகத் திருமேனியாக நிற்கிற ஆடவல்லான் இங்கே சுவரில் ஓவியமாக இருக்கிறார். சுற்றிலும் மூலிகை வண்ணத்தில் தீட்டிய புராணக் காட்சிகள். அந்த ஓவியத்துக்கு முன்னால் கை கூப்பி நின்று வளர்ந்த எங்களுக்கு, தீட்டப்பட்ட உருவத்துக்குள் உயிர் இருக்கும் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதே மாவட்டத்தில் சங்கரன்கோவிலில் பாதி சிவன், பாதி திருமால் என ஒரே திருமேனியாக நிற்கும் சங்கரநாராயணர் இருக்கிறார். அந்த வடிவத்தைக் காண கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் இருந்தாள் என்று ஆடித்தபசுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். இரண்டை ஒன்றாகப் பார்க்கப் பழகிய கண்கள் எங்களுடையவை. படம் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. உங்களுக்கும் இல்லை, சின்ன விஷயம் என்றால் இவ்வளவு கவனமாக வெட்டியிருக்கமாட்டீர்கள்.

இனி என் பாராட்டு கொஞ்சம் அருகில் வருகிறது. எங்கள் வீடுகளின் பக்கம்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், இலஞ்சி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், இரண்டு பெண்பிள்ளைகள் நெருக்கமாக இருக்க எங்கள் வீடுகள் தருகிற சுதந்திரம் பெரியது. ஒரே பாயில் படுக்கலாம். ஒருத்தி தலையை இன்னொருத்தி வாரிப் பின்னலாம். டியூஷன் முடிந்து கைகோத்து வரலாம். சீசன் வந்தால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கம்பிக்கு அந்தப் பக்கம், பெண்கள் குளிக்கும் இடத்தில், ஒருவர் தோளை ஒருவர் கட்டிப்பிடித்து விழுகிற தண்ணீருக்குள் நிற்கலாம். இந்தப் பக்கம் ஆண்களும் அப்படியே. எண்ணெய் வழிய வழியத் தோளில் கை போட்டு நிற்பார்கள். ஒரு ஆணும் பெண்ணும் ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்று பேசினால் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேருகிற ஊரில், இது அள்ளிக் கொடுத்த சுதந்திரம். "ரெண்டும் ஒட்டிப் பெறந்ததுக மாதிரி" என்று பாட்டி பெருமையாகச் சொல்வாள். பெற்றோரே, உங்கள் பெருந்தன்மையைப் பாராட்டுகிறேன்.

உங்கள் பெருந்தன்மையைவிட உங்கள் பார்வை இன்னும் பெரிது. மகளுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று ஆகி, வருகிற வரன் ஒவ்வொன்றுக்கும் அவள் தலையசைக்காமல் இருந்தால், உங்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நேற்றுவரை ஒட்டிப் பிறந்தவள் என்று கொண்டாடிய அந்தத் தோழியின் பெயர் வீட்டில் நின்றுபோகிறது. கைபேசி அப்பாவின் சட்டைப்பைக்குப் போகிறது. ஜாதகம் வேகமாகக் கைமாறுகிறது. மண்டபம் கிடைக்கிற தேதியே நல்ல தேதியாகிவிடுகிறது. பத்து வருடமாக உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று யார் நம்புவார்கள்? பெற்று வளர்த்தவர்களுக்குப் பிள்ளையின் முகம் படிக்கத் தெரியும். அந்தச் சானல் அதிகாரியைப் போலவே நீங்களும் முதலிலேயே கண்டுவிட்டீர்கள். கோராவும் அசாமியும் ஒளிக்குள் போனவுடன் படத்தை நிறுத்தியது போலவே, உங்கள் வீட்டுக் கதையையும் சரியான இடத்தில் நிறுத்துகிறீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் வாழ்கிற முப்பது, நாற்பது வருடம் எந்த அத்தியாயத்திலும் வருவதில்லை.

உங்களைப் போலப் பார்வை வாய்க்காத ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். 2021ல் மதுரையைச் சேர்ந்த, ஒருவரை ஒருவர் காதலித்த, 22ம் 20ம் வயதான இரண்டு பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். புரியாமல் தீர்ப்புச் சொல்ல விரும்பாமல், ஓர் உளவியல் ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவில், இப்படிப்பட்ட இணையர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்றார். இவர்களை மருத்துவத்தால் மாற்றிவிடலாம் என்று நடக்கும் முயற்சிகளுக்குத் தடை போட்டார். காவல்துறைக்கும் நீதித்துறைக்கும் பள்ளி கல்லூரிகளுக்கும் பெற்றோருக்கும் விழிப்புணர்வு வேண்டும் என்றார். 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவு குற்றமில்லை என்று சொல்லியிருந்தது. குற்றமில்லாத இந்த வாழ்க்கையை ஊர் எப்படி நடத்த வேண்டும் என்று இவர் சொன்னார்.

தெரியாது என்று தொடங்கிய அவர் அவ்வளவு தூரம் வந்தார். தெரியும் என்ற இடத்திலிருந்து தொடங்கிய நீங்களோ நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். உங்களுக்கு அவரைப் போல ஆலோசகர் தேவையில்லை, வகுப்புத் தேவையில்லை. ஒரு சட்டகத்தில் ஒரு விரல் இன்னொரு விரலைத் தொடுவதைப் பார்த்தே காதல் என்று சொல்லிவிடும் கண் உங்களிடம் இருக்கிறது. ஒரு வரனுக்கு மகள் சொல்லும் "ம்" எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்துவிடும் காதும் உங்களிடம் இருக்கிறது. அறியாமை என்ற சலுகையைக் கேட்க உங்களுக்கு மட்டும் வழியில்லை. இதைத்தான் இவ்வளவு நேரமாகப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே உங்கள் திறமைக்குத் தகுந்த வேலையைக் கேட்கிறேன். சானல்காரரே, இளவரசனுக்கும் இளவரசிக்கும் எந்த இடத்தில் படத்தை நிறுத்துவீர்களோ, அதே இடத்தில் இந்த இருவருக்கும் நிறுத்துங்கள். ஒரு நொடி கூடுதலாகக் கேட்கவில்லை, ஒரு நொடி குறைவாகவும் வேண்டாம். தமிழில் குரல் கொடுப்பவர்களே, மூலத்தில் காதலி என்று இருந்தால் தமிழிலும் காதலி என்றே சொல்லுங்கள். பெற்றோரே, அடுத்த ஜாதகத்தைக் கையில் எடுக்கும் முன், மகளை உட்கார வைத்து, "எங்களுக்குத் தெரியும், சொல்லும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவள் பல வருடமாக ஒத்திகை பார்த்தும் சொல்ல முடியாமல் நிற்கிற பேச்சில் பாதியை நீங்களே சொல்லி முடித்திருப்பீர்கள். எல்லோருக்கும் முன்னால் பார்த்தவர்கள் நீங்கள். எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டியவர்களும் நீங்களே.